முந்திக்கொண்டு பதில் சொன்ன பெட்டி

"இன்டர்நெட் போச்சு" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், டிபோர் ஃபாய்க்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எது போச்சு? ஒயர் போச்சா? மெஷினுக்கு விலாசம் கிடைக்கலையா? வெளிய போற வாசல் அடைச்சிருக்கா? வயித்து வலின்னு வர்றவங்ககிட்ட எங்க வலிக்குதுன்னு கேக்கணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்க. அதையே நான் கேட்டா மட்டும் முழிக்கிறீங்க!"

எங்களுடையது ஸிகின்ஷோர் நகரில் ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளி. என் பெயர் ஃபந்தா டாபோ, மாணவர் சேர்க்கை என் பொறுப்பு. டிபோர் கணினிகளின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவள். எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே மின்விசிறி. அதனால் அவள் கோபத்தில் பாதியாவது முதலில் என் தலையில்தான் விழும்.

அவள் ஃபாத்திக் பக்கத்து செரேர் இனப் பெண். தலைநகர் டக்காரில் படித்துவிட்டு, இரண்டு பைகளோடு கப்பலில் வந்து இறங்கியவள். வந்த நாளிலிருந்து தற்காலிக வேலைதான். வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தக் காகிதத்தைப் புதுப்பிப்பார்கள். போகச் சொன்னால் போகவேண்டும். இந்த நிலையில் எந்த வீட்டுக்காரரை நம்பி வீடு எடுப்பது, எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது என்று தன் மகளை ஃபாத்திக்கில் தங்கை வீட்டிலேயே விட்டிருந்தாள். போனில் அந்தப் பெண் "எப்பம்மா வருவே?" என்று கேட்பதில்லை. "எப்ப என்னைக் கூட்டிட்டுப் போவே?" என்றுதான் கேட்கும். வேலை நிரந்தரமானால் மறுநாளே போய்க் கூட்டி வந்துவிடுவேன் என்று டிபோர் என்னிடம் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எங்கள் இயக்குநர் லாந்திங் குஜாபி ஜோலா இனத்தவர். செரேர்களுக்கும் ஜோலாக்களுக்கும் இடையே இருப்பது கேலி முறை. ஒருவரை ஒருவர் என்ன சொல்லித் திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பதவி, வயது எதுவும் குறுக்கே வராது. நான் மண்டிங்கோ. எனக்கு இந்தச் சலுகை கிடையாது. இயக்குநரைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

காலையில் அவர் வராந்தாவில் வரும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"கம்பு தின்னி வந்தாச்சா? ஊர்ல குதிரைக்குப் போடுறதை எல்லாம் தின்னுட்டு வந்து எங்க மெஷினைத் தொடுறாளே!"

"சோத்துப் பானை வாயைத் திறந்துருச்சு." டிபோரும் விடமாட்டாள். "ஏய், நேத்து எத்தனை சட்டி சோறு? நெல்லு முளைக்கிறதுக்குள்ளயே தின்னு தீக்குற ஜனம்!"

"உன் ராஜா பேசுறேன்டி, குனிஞ்சு நில்லு."

"உன்னை எங்க தாத்தா ஒரு குடம் பனங்கள்ளுக்கு வாங்கினாரு. இன்னும் மிச்சக் கள்ளு வரல."

இப்படி ஒரு சுற்று முடிந்த பிறகுதான் இருவருக்கும் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். அவளுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை. அந்த வசைதான் சொந்தம். நோன்புப் பெருநாளுக்கு முதல் தட்டு சோறு இயக்குநர் வீட்டிலிருந்து அவளுக்குத்தான் வரும். "கம்பு தின்னி நாக்குக்கு ருசின்னா என்னன்னு தெரியட்டும்" என்று சொல்லியனுப்புவார்.

அந்த வருடம் மழை நின்றதும் தொல்லை தொடங்கியது. சில நாள் காலையில் எல்லாம் ஓடும். திடீரென்று பாதிக் கணினிகள் நத்தையாகும். அப்புறம் அசையவே அசையாது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடும். டிபோர் இணைப்புக் கொடுத்த கம்பெனியோடு போனில் சண்டை போட்டாள். கேபிளை எலி கடித்திருக்கிறதா என்று கூரைக்கு மேல் ஊர்ந்து தேடினாள். கூட்டிப் பெருக்குகிற அம்மாவை, துடைப்பம் பட்டு ஒயர் கழன்றதா என்று துளைத்தெடுத்து அழவைத்தாள். மின்சாரத்தைக் குறை சொன்னாள். வெயிலைக் குறை சொன்னாள்.

அவளுக்குப் பெரிய எதிரிகள் நாங்கள்தான். கணினி நின்றதும் எங்கள் கை தானாகப் பொத்தானுக்குப் போகும். அணைத்துப் போடுவோம். அவள் ஓடி வருவதற்குள் அது புதிதாக எழுந்து ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கும்.

"கைய உடைப்பேன்! செத்தவனைக் குளிப்பாட்டிப் பொட்டியில வச்சுட்டு எப்படிச் செத்தான்னு கண்டுபிடின்னா எப்படி?"

சரி, இதுகளுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் உருப்படும் என்று ஒரு மதியம் எல்லோரையும் வகுப்பறையில் உட்காரவைத்தாள். தலைப்பைப் பலகையில் எழுதினாள்: புரோட்டோகால். கீழே அடிக்கோடு.

"பயப்படாதீங்க. ரெண்டு பேரு பேசிக்கிறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்ட முறை, அவ்வளவுதான். இங்க யாரு வீட்டுக்காவது போனா எடுத்த எடுப்புல 'அரிசி கடன் குடு'ன்னு கேப்பீங்களா? 'கசுமாய்'னு சமாதானம் கேப்பீங்க. அவங்க 'கசுமாய் கெப்', சமாதானம்தான்னு பதில் சொல்லணும். சொன்னது காதுல விழுந்துச்சுன்னு நீங்க தலையாட்டணும். அப்புறம்தான் விஷயம். மெஷினும் அப்படித்தான். ஒண்ணு கூப்பிடும், இன்னொண்ணு பதில் குடுக்கும், முதல்ல கூப்பிட்டது 'சரி, கேட்டுச்சு'ன்னு சொல்லும். அதுக்கப்புறம் சேதியைத் துண்டு துண்டாக்கி அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர். நடுவுல ஒண்ணு வரலைன்னா, அதை மட்டும் திரும்ப அனுப்புன்னு கேக்கும்."

"கூப்பிட்டுப் பதிலே வரலைன்னா?" என்று நூலகர் கேட்டார்.

"கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பக் கூப்பிடும். அப்பவும் இல்லைன்னா விட்டுடும். உங்களை மாதிரி ஒருத்தர் வாசல்லயே நின்னுட்டு இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. புக்கோத் சந்தைக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்கு எண் கிடையாது. 'தையல்காரர் வீட்டுக்கு எதிர்வீடு' என்றுதான் வழி கேட்கிறோம். அதே மாதிரி நாம் பெயரைத்தான் தட்டுகிறோம், கணினிக்குத் தெரிந்ததோ எண் மட்டும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்கிற ஓர் ஆள் தேவை, அதுதான் டி.என்.எஸ். பள்ளிக்குள் ஒரு கணினியின் பேச்சை இன்னொன்றுக்குக் கொண்டு சேர்ப்பது சுவிட்ச். வெளியூர்ப் பேச்சுக்கு வாசல் ரவுட்டர். இவ்வளவும் சொன்னாள். எனக்கே புரிகிற மாதிரி இருந்தது.

"கடைசியா ஒண்ணு. புதுசா எழுந்திரிக்கிற மெஷினுக்குத் தன் விலாசமே தெரியாது. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, 'யாராவது எனக்கு ஒரு விலாசம் குடுங்களேன்'னு கத்தும். அதுக்குன்னு பொறுப்பா நான் ஒருத்தரை வச்சிருக்கேன். அவரு, 'இந்தா உன் நம்பர், வெளிய போறதுக்கு வாசல் இதோ'ன்னு சொல்லி அனுப்புவாரு. டி.எச்.சி.பி.ன்னு பேரு. கேள்வி உண்டா?"

சமையலறை அம்மா கையைத் தூக்கினாள். "அப்ப இன்டர்நெட் எப்ப வரும்?"

டிபோர் சுண்ணக்கட்டியைத் தரையில் வீசிவிட்டு வெளியே போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் என் கணினி நின்றது. என் கை பொத்தானுக்குப் போவதற்குள் "தொடாதே!" என்று ஒரு கத்தல். நாற்காலியோடு என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து ஏதோ தட்டினாள். கறுப்புத் திரையில் நான்கைந்து வரி வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசல் மாறியிருக்கு ஃபந்தா."

"என்ன வாசல்?"

"இது என் ரவுட்டர் நம்பர் இல்ல. உன் மெஷினு விலாசம் கேட்டிருக்கு. என் ஆளு பதில் சொல்றதுக்கு முன்னாடி வேற எவனோ முந்திக்கிட்டுச் சொல்லியிருக்கான். முதல்ல யாரு பதில் சொல்றாங்களோ அவங்க பேச்சை இது நம்பிடும். பள்ளிக்கூடத்துல பாதி மெஷினு அந்தத் திருட்டு வாசல்ல போய் முட்டிக்கிட்டு நிக்குது!"

கணினியோ ரவுட்டரோ, ஒவ்வொரு பெட்டிக்கும் பிறக்கும்போதே வைத்த எண் ஒன்று உண்டாம். அந்தத் திருட்டு வாசலின் எண்ணைப் பிடித்துக்கொண்டு சுவிட்ச் இருக்கும் அலமாரிக்குப் போனாள். அந்த எண் எந்தத் துளை வழியாக வருகிறது என்று பார்த்தாள். அந்தத் துளையிலிருந்து கேபிளைப் பிடித்து, சுவரோடு சுவராக நடந்தாள். நானும் பின்னால் போனேன். கேபிள் இயக்குநரின் விருந்தினர் அறைக்குள் போனது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. டிபோர் வராந்தாவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். இயக்குநரின் ஊர் பாயிலா. அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஊர்க்காரர்களின் பிள்ளைகள் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்று பெற்றோர் பஸ் ஏறி இவரிடம் வருவார்கள். இவர் சிம் போட்டால் இணைப்புத் தருகிற பெட்டி ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கி விருந்தினர் அறையில் வைத்திருந்தார். ஆட்கள் வரும்போது போடுவார், போனதும் அணைப்பார். இதுவரை தவறே இல்லை. ஆனால் ஜோலா வீட்டில் தனக்கென்று தனிச் சட்டி வைத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. நம் பெட்டியில் வருவதைப் பள்ளிக்கூடமும் அனுபவிக்கட்டுமே என்று அதிலிருந்து ஒரு கேபிளை எடுத்துச் சுவரில் இருந்த துளையிலும் செருகிவிட்டார். பொதுத் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்ட நினைப்பு அவருக்கு. பெட்டியும் அவர் மாதிரியே, விலாசம் கேட்டுக் கத்தியவர்களையெல்லாம் வா வா என்று உள்ளே கூப்பிட்டது. அத்தனை பேரையும் தாங்க அந்தச் சின்ன சிம்முக்கு ஏது தெம்பு?

டிபோர் எப்படிச் சொல்வாள்? அவளுக்கு அவரிடம் பேசத் தெரிந்த ஒரே விதத்தில் சொன்னாள். மறுநாள் காலை, வராந்தாவில், எல்லோர் முன்னாலும்.

"ஏய் சோத்துப் பானை! பள்ளிக்கூடத்து இன்டர்நெட்டைத் திங்கிறது நீதானா? உன் பெட்டிதான் எல்லாத்தையும் முழுங்குது, பிடுங்கிப் போடு!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டீங்களா? சோறு திங்கிறான்னு சொன்னா, இப்ப இன்டர்நெட்டையும் திங்கிறானாம்! கம்பு தின்னிக்கு வேலை செய்யத் தெரியல, ராஜா மேல பழி!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். ஆசிரியர் கூட்டத்தில் இன்னொரு முறை சொன்னாள். அப்போதும் அதே சிரிப்புத்தான். அப்புறம் அவர் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். கேலி முறையில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொன்னதை யாரும் மெய்யென்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"தனியாப் போய், கதவைச் சாத்திக்கிட்டு, பொறுமையா எடுத்துச் சொல்லேன்டி" என்றேன்.

"அவர்கிட்ட நான் அப்படிப் பேசினதே இல்ல ஃபந்தா. அவருக்குத் தெரியாம அலமாரியில ஒயரைப் பிடுங்கவும் மனசு வரல. 'ஐயா, உங்ககிட்ட ஒரு குறை சொல்லணும்'னு போய் நின்னா, நான் அவருக்கு யாரோன்னு ஆயிடும்."

"ஆனா என்ன? வேலை முக்கியமில்லையா?"

இதில் நான் அவள் பக்கம் இல்லை. அன்றைக்கே அவள் அவரிடம் போயிருக்கலாம்.

மாதக் கடைசியில் நிர்வாகக் குழு வருவதாக இருந்தது. கணினித் தேர்வு ஒத்திகையைப் பார்ப்பார்கள். அதோடு டிபோரின் காரியத்தையும் முடிவு செய்வார்கள். அவளை நிரந்தரமாக்குவது, இல்லையென்றால் அந்த வேலையை டக்கார் கம்பெனி ஒன்றிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவது. தங்கைக்கு போன் போட்டு, பெண்ணின் பள்ளிச் சான்றிதழை வாங்கி வைக்கச் சொல்லியிருந்தாள்.

குழு வந்தது. தலைவரான அம்மையார் முன்வரிசையில் உட்கார்ந்தார். மாணவிகள் கணினிகளுக்கு முன்னால். இயக்குநர் பின்னால் நின்றார். தேர்வு நன்றாகத்தான் தொடங்கியது. சிறிது நேரத்தில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். அப்புறம் பக்கத்தில் ஒருத்தி. அப்புறம் வரிசை முழுவதும். வெறும் வெள்ளைத் திரைகள்.

"இதுதான் நிலைமையா?" என்று தலைவர் கேட்டார்.

இயக்குநர் பெருமூச்சு விட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. குரலில் வருத்தம் இருந்தது. "ரெண்டு மாசமா இப்படித்தான் அம்மா. டிபோர் நல்ல பொண்ணு, பாடுபடுறா. ஆனா இது அவ கைக்கு மிஞ்சிப் போச்சு. டக்கார்க்காரங்களைக் கூப்பிடுறதைத் தவிர வேற வழி தெரியல."

டிபோர் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உங்க விருந்தாளிங்க வந்திருக்காங்களா?"

"உங்க" என்று அவள் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் சிரித்தார். சபையில் அவளுக்கு இறங்கிப்போக ஒரு படி போட்டுக்கொடுக்கிற சிரிப்பு அது.

"பாருங்கம்மா, செரேர் பொண்ணு ஆரம்பிச்சுட்டா. இன்டர்நெட்டை நான் தின்னுட்டேன்னு சொல்லப்போறா. கேலி முறை, கண்டுக்காதீங்க."

குழுவினர் புன்னகை செய்தார்கள். அவளும் ஒரு வசை சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். டக்கார் கம்பெனி வந்திருக்கும்.

"நான் கேலி பண்ணல ஐயா" என்றாள் டிபோர். "இன்னைக்கு நான் கேலி பண்ணல. ரெண்டு மாசமா இந்தப் பள்ளிக்கூடம் நிக்கிறதுக்கு நீங்கதான் காரணம். ரெண்டு தடவை சொன்னேன், சிரிச்சீங்க. எல்லாரும் வாங்க, காட்டுறேன்."

விறுவிறுவென்று நடந்தாள். வேறு வழியில்லாமல் நாங்களும் போனோம். விருந்தினர் அறையில் கேபா சானே என்கிற விவசாயி உட்கார்ந்திருந்தார், பாயிலாக்காரர். போனை இரண்டு கைகளாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். திரையில் ஓர் இளைஞன், பின்னால் பிளாஸ்டிக் கூடாரம் போட்ட தோட்டம். படம் விட்டு விட்டு வந்தது. "அப்பா, தெரியுதா? அப்பா?" என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

சுவரிலிருந்து அந்த ஒரே ஒரு கேபிளைப் பிடுங்கினால் போதும். பள்ளியும் பிழைக்கும், பெரியவர் திரையில் படமும் இன்னும் நன்றாக வரும். இது டிபோருக்குத் தெரியாததா? ஆனால் அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. கேபிளையும் பிடுங்கினாள், மின்சார ஒயரையும் பிடுங்கினாள். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைவர் முன்னால் போய் நீட்டினாள்.

"இதுதாம்மா. போய்ப் பாருங்க, இப்ப ஓடும்."

கணினிகளை மறுபடி எழுப்பியதும் எல்லாம் ஓடியது. வெள்ளைத் திரைகளில் கேள்விகள் வரிசையாக வந்தன. மாணவிகள் கைதட்டினார்கள். குழுத் தலைவர் டிபோரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் விருந்தினர் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். கேபா சானே இன்னும் போனை அப்படியே தூக்கிப் பிடித்திருந்தார். "மகனே, மகனே" என்று இருண்ட திரையைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இயக்குநர் பெட்டியை வாங்கி வந்து திரும்பப் பொருத்தினார், சுவர்க் கேபிள் இல்லாமல். அழைத்துப் பார்த்தார்கள். அந்தப் பையன் யாரோ ஒருவரின் போனை வாங்கிச் சாப்பாட்டு இடைவேளையில் பேசியிருந்தானாம். எடுத்தவன் வேறு ஆள். பையன் வேலைக்குப் போய்விட்டான் என்றான். பெரியவர் மாலை வரை காத்திருந்தார். பிறகு இயக்குநர் தானே காரில் அவரைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்.

டிபோரின் வேலை நிரந்தரமானது. கடிதத்தை இயக்குநரே அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். மகளைக் கூட்டி வந்தாள். இப்போது லிந்தியான் பக்கத்தில் இரண்டு அறை வீடு. கணினிகள் நிற்பதில்லை. பாயிலாக்காரர்கள் இன்னும் வருகிறார்கள். விருந்தினர் அறையில் பெட்டியின் விளக்கு இன்னும் எரிகிறது, சுவருக்குக் கேபிள் இல்லாமல்.

காலையில் அவர் வராந்தாவில் வருவார். டிபோர் எழுந்து கதவருகே போய் நிற்பாள்.

"என்ன சோத்துப் பானை, இன்னைக்கு வயிறு காலியா?"

அவர் நிற்பார். கோபம் துளியும் இருக்காது. "காலை வணக்கம் மேடம் ஃபாய். நல்லா இருக்கீங்களா? உங்க மக நல்லா இருக்காளா? ஏதாவது தேவைன்னா சொல்லுங்க." என்னிடம் கேட்பது போலவே, அதே மரியாதையோடு கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

அவள் ஒவ்வொரு நாளும் புதிது புதிதாக வசை தயாரித்துக்கொண்டு வருவாள். அவரும் ஒவ்வொரு நாளும் "நன்றி மேடம்" என்பார். போன பெருநாளுக்கு அவர் வீட்டுச் சோறு வந்தது, எனக்கு வந்த அதே அளவில். யாரும் எதுவும் சொல்லியனுப்பவில்லை. அவள் அந்தத் தட்டைத் திறக்காமல் மேசையில் வைத்தாள்.

"ஃபந்தா, நீ போய் அவர்கிட்ட சொல்லேன்" என்றாள்.

"என்னன்னு சொல்ல?"

"என்னை ஒரு தடவை திட்டச் சொல்லு. ஒரே ஒரு தடவை போதும்."